எழுபதாயிரம் பேரில் ஒரு பால்பல்

மூன்றே கால். நாலு மணிக்கு கால்யா கூப்பிடுவாள். அவள் ஊரில் அப்போது ஐந்தரை, வெளிச்சம் போகத் தொடங்கியிருக்கும், அக்டோபர் கடைசி என்றால் முதல் பனியும் விழுந்திருக்கும். எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். அவளும் என்னைவிட எப்போதும் முன்னால்தான், குளிர்ந்த ஆற்றில் இறங்குவதில், சிரிப்பதில், அழுது முடித்து முகம் கழுவுவதில். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். சாய்மானம் சரியில்லை, என் முகத்தைவிட மேலே சுற்றுகிற மின்விசிறிதான் அதிகம் தெரிகிறது. டப்பாவை நகர்த்தினால் நெற்றி தெரிகிறது, இன்னும் நகர்த்தினால் கழுத்துச் சுருக்கம். முப்பத்தாறு வருஷம் கழித்துப் பார்க்கப்போகிறாள், எதைக் காட்டுவது. பக்கத்தில் அந்தத் தைல டப்பா, வட்டமான சின்னத் தகர டப்பா, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பல். இன்னும் திறக்கவில்லை. வியாழக்கிழமை வந்த செய்தியில் மூன்றே வரிதான் இருந்தது. வால்யா, நீதானா? நான் கால்யா, சல்லடை கால்யா. ஞாயிற்றுக்கிழமை பேசலாமா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறாள், கேட்க வேண்டும் என்று எழுதவில்லை. ரஷ்ய மொழி எனக்கு எவ்வளவு மறந்திருந்தாலும் அந்த வித்தியாசம் மறக்கவில்லை. மூன்று நாளாக அடுப்பின் முன்னால் நின்று ரஷ்ய மொழியில் பேசிப் பார்க்கிறேன். மன்னித்துவிடு வருகிறது. பயந்துபோனேன் வருகிறது. அதற்கு முன்னால் வர வேண்டிய வாக்கியத்தில்தான் நாக்கு மாட்டிக்கொள்கிறது. எடுத்துக்கொண்டேன் என்பதா, திருடினேன் என்பதா, என்னிடம் இருந்துவிட்டது என்பதா. இருந்துவிட்டதாம். தானாக நடந்துவந்து இருந்ததுபோல. ஹாலிலிருந்து இவர் கேட்கிறார், "ஏப்புள்ள, டீ வெக்கட்டா?" "இப்ப வேண்டாங்க, நாலு மணிக்கு ஒரு போன் வருது." "ஆரு?" "ரஷ்யாவுல இருந்துங்க. எங்கூடப் படிச்ச புள்ள." "அறுவது வயசுப் புள்ளையா?" சிரிக்கிறார். மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்த மனுஷன், மாரப்பன், எதையும் தோண்டிக் கேட்கத் தெரியாது. அதனால்தான் இவரோடு இத்தனை நிம்மதியாக இருந்தேனோ என்னவோ.

கால்யா, வால்யா. குகை தோண்டிய முகாமில் எங்களைச் சேர்த்தேதான் கூப்பிடுவார்கள். தமிழில் கால் என்றால் என்ன, வால் என்றால் என்ன என்று நான் சொன்ன நாளில் அவள் ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து விக்கல் வரும்வரை சிரித்தாள். அதற்கப்புறம் எங்கே போனாலும் காலும் வாலும் வந்தாச்சு என்று தமிழிலேயே கத்துவாள், அந்த "ழ" இல்லாத வார்த்தைகளை மட்டும் பொறுக்கிக் கற்றுக்கொண்டாள், கெட்டிக்காரி. வால்யாவின் முழுப் பேர் வாலண்டினா, எனக்கு அதை வைத்தது அப்பா. சிங்காநல்லூர் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் அந்தப் பேரில் ஒரு பெண் வானத்துக்குப் போய் வந்திருந்தாள். பள்ளியில் பேரை எழுத மறுத்த வாத்தியாரிடம், "மேல போன பொம்பள பேருங்க, எம்புள்ளயும் போகும், எழுதுங்க" என்றாராம் அப்பா. வானத்துக்குப் போகவில்லை, சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் வரைக்கும் போனேன், மண்ணையும் பாறையையும் படிக்க. நாலாவது வருஷக் கோடையில் அல்தாய் மலையில் ஒரு குகையைத் தோண்ட ஆள் வேண்டும் என்றார்கள், கை தூக்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, ஜூலை. இப்போதும் கண்ணை மூடினால் முதலில் வருவது மணம்தான். ஈர விறகு, காட்டுப் புதினா, கொசுவுக்குப் பூசுகிற தார் எண்ணெய், பெரிய வாளியில் வெந்துகொண்டிருக்கிற பழுப்புக் கஞ்சி. குகை மேலே, ஆறு கீழே. மேலே தோண்டுகிற மண்ணை வாளி வாளியாகச் சரிவில் இறக்குவார்கள், நானும் கால்யாவும் முழங்கால் தண்ணீரில் நின்று சல்லடையில் அலசுவோம். மண் கரைந்து போகும், கல்லும் எலும்புத் துணுக்கும் தங்கும். விரல்கள் மரத்துப்போய் வெண்டைக்காய்போல இருக்கும். அவளுடைய மஞ்சள் பின்னல் அடிக்கடி தண்ணீரில் விழும், எடுத்து என் முகத்தில் உதறுவாள். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் கிடைத்ததா, கல்யாணம், பாரி பிறந்தது, வேலையில் சேர்ந்தது, எல்லாம் சந்தோஷம்தான், ஆனாலும் அந்தத் தண்ணீர் முகத்தில் தெறித்ததைத்தான் உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வட்டமாக உட்காருவோம். போரிஸ் இக்னாதிச், எங்கள் தலைவர், இடது காது கேட்காது, அதனால் எல்லோரையும் தன் வலப்பக்கம் உட்காரச் சொல்வார், வட்டம் எப்போதும் கோணலாகவே இருக்கும். கரண்டியை உயர்த்தி ஒரே கேள்வியைத்தான் தினமும் கேட்பார். நமக்கு முன்னால் வாழ்ந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்கள் ஒரே சமயத்தில் மொத்தம் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஒருவன் பத்து லட்சம் என்பான், ஒருத்தி இரண்டு லட்சம் என்பாள். நான் ஒரு நாள், எங்கள் அப்பா மில்லில் சங்கு ஊதினால் ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பேர் வெளியே வருவார்கள், அந்த மாதிரி நூறு ஷிப்டு இருக்கும் என்றேன். எண்பதாயிரமா, இவ்வளவு பெரிய பூமிக்கு அவ்வளவுதானா என்று எல்லோரும் சிரித்தார்கள். போரிஸ் இக்னாதிச் சிரிக்கவில்லை. குறைவாகச் சொல்கிறவர்கள்தான் பயந்து வாழ்ந்தவர்களைப் புரிந்துகொண்டவர்கள் என்றார். அவருக்கு எண்ணைவிட எல்லைதான் பெரிய கவலை. கூடாரத்தில் ஒரு வரைபடம் தொங்கும். அதில் நியாண்டர்தால் எலும்பு கிடைத்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி, ஸ்பெயினிலிருந்து ஆரம்பித்து உஸ்பெகிஸ்தானோடு நின்றுவிடும். அதற்குக் கிழக்கே இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நாங்கள் இருந்தோம். இங்கேயும் இருந்தார்கள் என்று அவருக்கு நிச்சயம், கல்லாயுதம் கிடைத்திருந்தது, ஆனால் கல்லாயுதத்தை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாமே என்றார்கள் நகரத்திலிருந்த பெரியவர்கள். எலும்பு காட்டு, பல் காட்டு. ஒரு பல் போதும் என்பார் அவர், ஒரே ஒரு பல், அந்தக் கோட்டை இங்கே இழுத்துவந்து நிறுத்துகிறேன்.

இழுத்து நிறுத்தியது வேறு யாரோ, வேறு குகை. மரபணுவைப் பிரித்துப் பார்க்கிற காலம் வந்ததும் அல்தாய் வரைக்கும் அவர்கள் வந்தது உறுதியாகிவிட்டது. மேற்கே போர்ச்சுகல் கடற்கரை, வடக்கே வேல்ஸ், தெற்கே இஸ்ரேல், இராக் மலைகள், கிழக்கே நாங்கள் கஞ்சி குடித்த மலை. போன வாரம்கூட இந்தப் போனில் படித்தேன். ஒரே சமயத்தில் அதிகம் போனால் எழுபதாயிரம் பேர் இருந்திருக்கலாமாம், சிலர் ஐயாயிரத்துக்கு இறக்குகிறார்கள், பிள்ளை பெற்ற வயதுக்காரர்களை மட்டும் எண்ணினால் சில ஆயிரம்தானாம். சிங்காநல்லூரிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்போம். இந்த ஊர் ஜனத்தைப் போர்ச்சுகலில் இருந்து சைபீரியா வரை தூவிவிட்டால் ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் எங்கே தட்டுப்படுவது. இருபது பேர் கொண்ட ஒரு கூட்டம், அதில் ஏழெட்டுக் குழந்தைகள், அடுத்த கூட்டத்தைப் பார்க்க எத்தனை மாதம் நடக்க வேண்டுமோ. அல்தாயில் எலும்பு கிடைத்த ஒரு பெண்ணின் அப்பாவும் அம்மாவும் நெருங்கிய இரத்த உறவாம், வேறு ஆள் கிடைத்திருக்காது, பாவம். அந்த மலையில் மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை, நானே போட்டுப் பார்க்கிறேன், பத்துக் கூட்டம் இருக்குமா, இருநூறு பேர். இருநூறு பேர் என்றால் எங்கள் அடுக்குமாடியின் ஏ பிளாக். ஏ பிளாக்கில் ஒரு குழந்தையின் பல்லை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். எண் சின்னதாகச் சின்னதாக டப்பா கனக்கிறது, எழுபதாயிரம் என்று படித்தபோது ஒரு கனம், ஐயாயிரம் என்றபோது இன்னொரு கனம். பத்து லட்சம் என்று சொன்னவன் மட்டும் சரியாக இருந்திருந்தால். மூன்றரை ஆகிவிட்டது. சார்ஜ் இருக்கிறதா? எழுபத்தொன்று.

அன்றைக்கு வெயில். அதுதான் ஞாபகம், ஆற்றில் வெயில் உடைந்து உடைந்து கண்ணைக் கூசியது. பதினோராவது வாளி. கால்யா சல்லடையைப் பிடித்திருக்கிறாள், நான் தண்ணீர் ஊற்றுகிறேன், சட்டென்று அவள் கை நின்றது. பல், என்றாள் மெதுவாக. அப்புறம் கத்தினாள். பல்! சின்னது, பட்டாணி அளவு, தேன் நிறம், மேலே நாலைந்து மேடு. அவள்தான் உடற்கூறு படித்தவள், எனக்குப் பாறைதான் தெரியும். குழந்தையுடையது, பால்பல், கடைவாய், கீழ்த்தாடை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மடக்கி, பிடி, தொலைச்சிடாதே என்று சொல்லிவிட்டுப் போரிஸ் இக்னாதிச்சைக் கூப்பிட வெறுங்காலோடு மேலே ஓடினாள். சல்லடையை ஆறு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது, இரண்டு கையும் வேண்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்த சாக்லேட் தாளில் பல்லைச் சுற்றி, ஆற்றுக் குளிருக்குப் போட்டிருந்த என் பஞ்சுக் கோட்டின் உள்பையில் போட்டேன். போட்டேனா, போட்ட ஞாபகமே அப்போது இல்லை, ஏனென்றால் அதே நிமிஷம் லாரி டிரைவர் மறுபக்கக் கரையிலிருந்து என் பேரைச் சொல்லித் தந்தியை ஆட்டினான். அப்பா இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. தந்தி பல்கலைக்கழகம், விடுதி, பீய்ஸ்க் நகரம் என்று சுற்றி வந்திருக்கிறது. லாரி உடனே திரும்ப வேண்டும், அதைவிட்டால் நாலு நாள். கால்யா கீழே இறங்கி வருவதற்குள் ஈர உடுப்போடு ஏறினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேனா, இல்லை. கோட்டைப் போர்த்திக்கொண்டு ரயில், விமானம், மாஸ்கோ, டெல்லி, மறுபடி ரயில். பதினாறாம் நாள் எல்லாம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உங்கொப்பன் கடைசிவரைக்கும் வாசலயே பாத்துட்டு இருந்தாரு கண்ணு" என்றாள். அந்த வார்த்தையோடு கோட்டைக் கழற்றிக் கொடியில் போட்டேன். ஆகஸ்டு மாத வெயிலில் அம்மா அதை உதறியபோது சாக்லேட் தாள் விழுந்தது.

திரும்பிப் போனதும் கொடுத்துவிடலாம் என்றுதான் பெட்டியில் வைத்தேன். சத்தியமாக. செப்டம்பரில் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார் போரிஸ் இக்னாதிச். அறையில் அவர், கால்யா, ஜன்னலோரம் எனக்குத் தெரியாத ஒரு ஆள், வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிறவராம். பேர் சொல்லவில்லை, பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். போரிஸ் இக்னாதிச் முதலில் அப்பாவுக்காக வருத்தம் சொன்னார். அப்புறம், கால்யா உன்னிடம் ஒரு பல்லைக் கொடுத்ததாகச் சொல்கிறாள், உண்மையா என்றார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜன்னலோர ஆள், அப்படி ஒரு பொருள் எல்லை தாண்டிப் போயிருந்தால் அது குற்றம், தெரியும்தானே என்றார், குரலை உயர்த்தவே இல்லை. பட்டம் வாங்க ஒன்பது மாதம் இருந்தது. வீட்டில் அம்மா, தம்பி பிளஸ் டூ, சம்பளம் கொண்டுவர யாருமில்லை. அதெல்லாம் அப்புறம் நானாக அடுக்கிக்கொண்ட காரணங்களோ என்னவோ. அந்த நொடியில் ஒன்றும் யோசிக்கவில்லை, வாய் தானாகப் பேசியது. பல் இல்லை சார், வெள்ளையாக ஒரு சின்னக் கல், ஆற்றில் போட்டுவிட்டேன். கால்யா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை, ஏதோ கணக்கில் தப்பு வந்த பிள்ளை மாதிரிப் பார்த்தாள். வெளியே தாழ்வாரத்தில், "கல்லா வால்யா?" என்று கேட்டாள். அங்கே யாரும் இல்லை. ஜன்னல் இல்லை, பேனா இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குச் சரியா ஞாபகம் இல்லை கால்யா என்றேன். அறைக்குள் சொன்னது பயம். தாழ்வாரத்தில் சொன்னதுக்கு என்ன பேர், முப்பத்தாறு வருஷமாகத் தேடுகிறேன். போரிஸ் இக்னாதிச் அவளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதாக இருந்தது, எடுக்கவில்லை. இல்லாததைக் கண்டவள் என்று பையன்கள் கேலி செய்தார்கள். குளிர்காலத்துக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள், பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் பட்டத்தோடும் அதே பெட்டிக்குள் பல்லோடும் வந்து நிலத்தடி நீர்த் துறையில் சேர்ந்து முப்பது வருஷம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் போர் போட இடம் சொன்னேன். நான் சொன்ன இடத்தில் தண்ணீர் வராமல் போனது குறைவு. மண்ணுக்குள் இருப்பதை நான் சொன்னால் அப்படி நம்பினார்கள்.

அந்த நாடே இல்லாமல் போயிற்று, போரிஸ் இக்னாதிச்சும் போய்ச் சேர்ந்துவிட்டார், யாரிடம் கொடுப்பது என்று கேட்டுக்கொள்வது சௌகரியமாக இருந்தது. ஒரு பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைத்தபோது இவர் டப்பாவைத் திறந்துவிட்டார். "இதென்ன புள்ள, பாரியோட பல்லா?" ஆமாங்க என்றேன். எவ்வளவு பிரியமாக அதை மறுபடி பஞ்சில் பொதிந்து வைத்தார், பெற்ற பிள்ளையின் பல் என்று. ஒரு பொய் தனியாக இருப்பதில்லை, குட்டி போடுகிறது. மூன்று ஐம்பத்தாறு. இன்று சொல்லாமலும் இருக்கலாம். அவள் கேட்டால் மட்டும் சொல்லலாம். கேட்காவிட்டால் பேரன் பேத்தி, முழங்கால் வலி, விலைவாசி, அப்படியே பேசி முடித்துவிடலாம், எத்தனையோ பேர் அப்படித்தான். டப்பாவை மடியில் வைத்துக்கொள்கிறேன், மேஜையில் இருந்தால் தெரியும். தெரியட்டுமே. வேண்டாம். போன் அதிர்கிறது, நாலு ஆகவில்லை, மூன்று ஐம்பத்தெட்டுதான், பார்த்தாயா, இதிலும் முன்னால்.

திரையில் ஒரு குட்டை முடிக்காரி. பின்னல் இல்லை. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் மட்டும் அப்படியே.

"வால்யா! ஐயோ, முடியெல்லாம் வெள்ளை!"

"உனக்கு மட்டும் என்னவாம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். என் ரஷ்யப் பேச்சு தட்டுத் தடுமாறி வந்தது, அவள் எடுத்துக் கொடுத்தாள். கணவர் இல்லை, ஒரு மகள், போன ஜூனில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு. பத்து நிமிஷம் போயிருக்கும். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு எழுதினேனே."

"சொல்லு."

"மன்னிப்புக் கேக்கணும் வால்யா. உங்கப்பா செத்து நீ வந்து நிக்கறே, அந்த நேரத்துல உன்னை அந்த ரூமுக்கு இழுத்துவிட்டேன். உன்கிட்ட பல்லைக் கொடுத்தேன்னு சாதிச்சேன். அந்த ஆள் உன்னை என்ன வேணும்னாலும் செஞ்சிருக்கலாம். அப்போ அதெல்லாம் எனக்குத் தோணல. கல்லைத்தான் பாத்திருக்கேன். வெயில் கண்ணுல அடிச்சுது இல்ல? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மைக்ராஸ்கோப்புல தூசியைப் பாத்துட்டு உயிர், உயிர்னு கத்தும், அப்பல்லாம் நினைச்சுக்குவேன், நானும் இப்படித்தான் கத்தினேன்னு."

அவளே எனக்கு வழி செய்து கொடுத்துவிட்டாள். பரவாயில்லை கால்யா, பழைய கதை, விடு என்றால் போதும். வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. தாழ்வாரத்தில் பேசிய அதே வாய். தன் கண்ணையே நம்பாமல் ஒருத்தி கிழவியாகியிருக்கிறாள். மூடி இறுக்கமாக இருந்தது, நகத்தால் நெம்பித் திறந்தேன். பஞ்சைப் பிரித்துப் பல்லை உள்ளங்கையில் வைத்து மின்விசிறிக்கும் என் முகத்துக்கும் நடுவே நீட்டினேன்.

"கல் இல்ல கால்யா. நான் பொய் சொன்னேன். திருடிட்டேன்."

அந்த வார்த்தைதான் வந்தது. சரியாகவே வந்தது.

அவள் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் அவள் பின்னால் ஜன்னலில் ஒரு பேருந்தின் விளக்கு கடந்து போயிற்று. "முப்பத்தாறு வருஷம்," என்றாள். திரை கறுத்தது. போய்விட்டாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இவர் எட்டிப் பார்த்து, "பேசி முடிச்சாச்சா?" என்றார். முடிஞ்சுதுங்க என்றேன். "அப்ப டீ வெக்கறேன்" என்று அடுப்பைப் பற்றவைத்தார். முகத்தில் என்ன கண்டாரோ, போகிறபோது என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பல்லை மறுபடி பஞ்சில் வைக்கக் கை வரவில்லை. பாலின் வாசம் வருகிறபோது போன் அதிர்ந்தது.

முகம் கழுவியிருந்தாள். முன் முடி ஈரம். கண்ணாடி போட்டிருந்தாள்.

"கிட்ட கொண்டு வா."

கொண்டுபோனேன்.

"மேஜைல வை. போனை மேல பிடி. ஆ. கடைவாய். கீழ்த்தாடை. நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"எல்லார் முன்னாடியும் சொன்னேன்."

"ஆமா கால்யா."

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அது வேற, எனக்கு நாளாகும். பல்லை இங்க அனுப்பறதுக்கு யார்கிட்ட எழுதணும்னு நான் விசாரிக்கறேன். எப்படிக் கிடைச்சுதுன்னு நீதான் எழுதணும், பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு."

"எழுதறேன்."

"திருப்பு. வேர்ப் பக்கம் காட்டு."

விரல் நுனியால் புரட்டினேன். அவள் திரையோடு ஒட்டிக்கொண்டாள், மூச்சு கண்ணாடியில் படிந்தது. அடியில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பான ஒரு விளிம்பு மட்டும் இருந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், உடைந்துபோனது என்றே நினைத்திருந்தேன்.

"வேர் கரைஞ்சிருக்கு," என்றாள். குரல் மாறிவிட்டது, சல்லடையைப் பிடித்திருந்தபோது இருந்த குரல். "தானா விழுந்த பல் வால்யா. கீழ இருந்து புதுப் பல் முளைச்சுத் தள்ளியிருக்கு. பத்து வயசு இருக்கும். அந்தப் பிள்ளை அங்க சாகல. பல்லைத் துப்பிட்டு எழுந்து ஓடியிருக்கு."

இத்தனை வருஷமும் அதைச் செத்த குழந்தையாகவே வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை, பக்கத்தில் காகிதம் தேடிக்கொண்டிருந்தாள்.

"அழுதது போதும். ஸ்கேல் இருக்கா வீட்ல? நீளம் அகலம் சொல்லு, எழுதிக்கறேன்."